கணக்கு எழுதியவனும் சாமுராய்தான்

ஜப்பானின் பழைய போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிய ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேசாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

"ஆயிரம் ஆண்டுகளாக மாறாத புஷிடோ அறம்" என்றார் பேச்சாளர். புஷிடோ என்றால் சாமுராய்களின் ஒழுக்கநெறி. நான் எழுந்து, இன்று நாம் புஷிடோ என்று சொல்வதில் பெரும்பகுதி மெய்ஜி காலத்தில் (1868–1912) உருவானது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "கணக்குப்பிள்ளை மாதிரி தேதி பார்த்துக்கொண்டிருந்தால் வீரம் புரியாது" என்று பதில் வந்தது. அரங்கமே சிரித்தது.

சரி, தேதியையே பார்ப்போம். அவர் கையில் வைத்திருந்த ஜப்பானிய அறிஞர் நிடோபே இனாசோவின் 'புஷிடோ' நூல் 1900-இல் வெளியானது. அமெரிக்காவில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதியது. மதக்கல்வி இல்லாமல் பிள்ளைகளுக்கு எப்படி ஒழுக்கம் கற்றுத்தருகிறீர்கள் என்று ஒரு பெல்ஜியப் பேராசிரியர் கேட்டாராம். அந்தக் கேள்வியும், தன் மனைவி அடிக்கடி கேட்ட கேள்விகளும்தான் தன்னை எழுத வைத்தன என்று முன்னுரையில் நிடோபேயே சொல்கிறார். நிடோபே 1862-இல் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். 1876-இல் வாள் அணியத் தடை வந்தபோது அவருக்குப் பதினான்கு வயதுகூட ஆகவில்லை. தொலைந்துபோன ஒரு உலகத்தை நினைத்து எழுதிய புத்தகம் அது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதை ஆயிரம் ஆண்டு வரலாறு என்று சொல்லாதீர்கள்.

"புஷிடோ என்ற சொல் அதற்கு முன்பே இருந்ததே?" இருந்தது. மறுக்கவில்லை. சொல் பழையது, அதில் ஏற்றிய பொருள் புதியது. வரலாற்றாசிரியர் ஓலெக் பெனேஷ் இதற்கென்றே 2014-இல் ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார்.

"அப்படியானால் ஹாகாகுரே?" என்று கேட்பீர்கள். சாமுராய் வாழ்வைப் பற்றிய பழைய சுவடி அது. அதில் சாவைப் பற்றி அத்தனை பேசிய யமமோட்டோ ட்சுனேதோமோ ஒரு போரையும் பார்த்ததில்லை. 1700-இல் தலைவன் இறந்தபோது உடன் உயிர்விடத் தடை இருந்ததால் துறவியானவர். அவர் சொன்னதை வேறொருவர் எழுதிவைத்தார். ஜப்பானின் சாகா பகுதிக்குள்ளேயே நெடுங்காலம் கிடந்த அந்தச் சுவடியை 1930-களில் நாடெங்கும் பரப்பினார்கள். எதற்கு? இளம் பிள்ளைகளைப் போரில் சாகத் தயார்படுத்த. அதனால்தான் தேதி பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெய்ஜிக்கு முந்தைய டோகுகாவா ஆட்சியில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரிய போரே இல்லை. வாள் இடுப்பில் இருந்தது, வேலை எழுத்துமேசையில். வரலாற்றாசிரியர் இசோதா மிச்சிஃபுமி, டோக்கியோவின் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு குடும்பத்தின் கணக்கேடுகளை வைத்து 2003-இல் ஒரு நூல் எழுதினார். ககா பகுதியின் இனோயாமா குடும்பம். தலைமுறை தலைமுறையாகக் கணக்கர்கள். சாமுராய்கள்! ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு கடன். 1842-இல் வீட்டுப் பொருட்களை விற்றுக் கடனை அடைக்கத் தொடங்கி, அன்றிலிருந்து செலவை ஒன்றுவிடாமல் எழுதினார்கள். குழந்தையின் சடங்குக்கு மீன் வைக்க வேண்டும், வாங்க வழியில்லை. மீனின் படத்தை வரைந்து வைத்தார்கள். இதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் என் அப்பாவும் கணக்கர்தான். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம். ராத்திரி சாப்பிட்ட பிறகு சிவப்பு அட்டை நோட்டில் பால், வெற்றிலை, பஸ் என்று எழுதுவார். அப்பா போன பிறகு எடுத்துப் பார்த்தேன். என் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதத்தில் வெற்றிலை என்ற வரியே இல்லை. "கணக்குப்பிள்ளை" என்று அரங்கம் சிரித்தபோது எனக்கு அந்தப் பக்கம்தான் கண்ணில் வந்தது.

"ஒரு வார்த்தைக்கு இத்தனை கோபமா?" ஆமாம், கோபம்தான். "ஜப்பானியர் மேல் வெறுப்பா?" நேசிப்பதால்தான் பத்து வருடமாக இதைப் படிக்கிறேன். இதையெல்லாம் தோண்டி எடுத்தவர்களில் ஜப்பானிய ஆய்வாளர்களே நிறைய. வாளை மட்டும் வணங்குகிறவர்கள், கடனை அடைத்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்த அந்த இனோயாமா கணக்கரை ஏன் பார்க்க மறுக்கிறீர்கள்? அவர் உங்களுக்கு வீரராகத் தெரியவில்லையா?

கூட்டத்தின் காணொளி நேற்று வந்திருக்கிறது. என் கேள்வியையும் அந்தச் சிரிப்பையும் வெட்டிவிட்டார்கள். முழுசாகப் போடுங்கள்.