பொன்னாடைக்கு நேரம் இருந்தது, சாணி வண்டுக்கு இல்லை

எங்கள் தேசிய விலங்கியல் சங்கத்தின் மாநாட்டில் நடந்ததைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள். நானும் விட்டுவிடத்தான் இருந்தேன். மாணவர்கள் தங்கள் ஆய்வைச் சுவரொட்டியாகத் தொங்கவிட்டு நடுவர்களுக்கு விளக்குகிற போஸ்டர் அமர்வு நடக்காமல் போனதை "சின்ன நிர்வாகக் குளறுபடி, பெரிதாக்க வேண்டாம்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

அது குளறுபடி இல்லை. வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை என்று காலை முழுவதும் மேடைக்குப் போனது. மாணவர்களின் போஸ்டர்கள் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்கின. மதிப்பிட வேண்டிய நடுவர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. சாயங்காலம் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். வெட்டப்பட்டது விலங்கியல்.

தேசிய அளவில் ஒரு விலங்கியல் சங்கம் எதற்கு இருக்கிறது? ஒருவர் பார்த்து வந்து சொல்வதைக் கேட்பதற்கு. கேட்டு, சரிபார்த்து, அச்சில் ஏற்றி, அடுத்து வருகிறவர் கையில் கொடுப்பதற்கு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் மாணவி மேலூர்ப் பக்கத்துப் பெண். அவள் அப்பா கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த வயலில் மாடுகளை இரவில் அடைத்து, சாணமும் கோமியமும் நிலத்தில் இறங்கச் செய்கிற அந்த வேலையை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிடை கிடந்த வயல்களில் சாணி வண்டுகளைத்தான் அவள் ஆராய்ந்தாள். குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் என்ற மருந்து கொடுத்த மாட்டின் சாணத்தில் வண்டின் புழுக்கள் பிழைப்பதில்லை என்பது வெளிநாடுகளில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. நம் கிடையில் என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. மாட்டுச் சாணத்தைப் புதைக்கத் தெரிந்த வண்டு போதாமல், ஆஸ்திரேலியா 1960களிலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் வண்டுகளை வரவழைத்தது. நம் வயலில் அந்த வேலையைக் கூலி வாங்காமல் செய்துகொண்டிருக்கிற பூச்சியைப் பற்றி ஒரு கிடைக்காரர் மகள் பேச வந்தால் நிற்க ஆள் இல்லை.

அவளுக்குத் தேவைப்பட்டது கைதட்டல் இல்லை, வண்டின் பெயரைச் சரிபார்த்துச் சொல்ல ஓர் ஆள். சாணி வண்டுகளில் ஆந்தோஃபேகஸ் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுப்பில், உலகம் முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. ஒரே இனத்தில்கூட பெரிய ஆணுக்குக் கொம்பு நீண்டிருக்கும், சின்ன ஆணுக்கு வெறும் மேடாக நின்றுவிடும். இந்தப் பகுதியின் சாணி வண்டுகளைப் பற்றி 1931இல் கில்பர்ட் ஆரோ எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் அவள் பெயர் கண்டுபிடித்தாள். அது சரியா என்று சொல்லக்கூடிய அறிஞர் அதே கூடத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டுகளை ஊசியில் குத்தி அட்டைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். பெட்டியைத் திறக்கவே இல்லை. "மேடம், யாராவது வருவார்களா?" என்று கேட்டாள். வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"வெளியூரிலிருந்து விமானத்தில் வந்த பெரியவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா?" என்கிறார்கள். வேண்டும். ஒரு மாலை, ஒரு நிமிடம். அதற்கு மேல் இதைப் பேச ஒன்றுமில்லை.

"சங்கத்துக்கு ஏது பணம்? எல்லோரும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறார்கள்" என்பது நியாயமான பேச்சு. சந்தாவை நம்பி ஆய்விதழ் நடத்துவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு போஸ்டர் முன்னால் பத்து நிமிடம் நிற்பதற்கு என்ன செலவு?

இன்னொருவர், "அதற்குத்தான் அரசின் விலங்கியல் ஆய்வகம் இருக்கிறதே, சங்கம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். 1916இல் கல்கத்தாவில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அது அரசுத் துறை, அதற்கென்று ஒதுக்கிய வேலையைச் செய்கிறது. சங்கம் வேறு. பதவியும் சம்பளமும் இல்லாத ஒருவர், விலங்கைப் பார்த்தேன் என்ற ஒரே தகுதியோடு எழுந்து பேசக்கூடிய இடம் அது. 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் பரிணாமத்தைப் பற்றி டார்வின், வாலஸ் இருவரும் எழுதியது வாசிக்கப்பட்டபோது இருவருமே அங்கே இல்லை. வாலஸ் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். பறவையும் பூச்சியும் பிடித்து விற்று வயிறு வளர்த்துக்கொண்டு மலாய்த் தீவுகளில் அலைந்தவர். வாசித்ததன் அருமை அன்று அங்கே இருந்தவர்களுக்குப் புரியவில்லை. அந்த ஆண்டில் புரட்டிப் போடும்படியான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்றே சங்கத்தின் தலைவர் பிறகு சொன்னார். இருந்தாலும் கேட்டார்கள், அச்சிட்டார்கள். அது போதுமாக இருந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், மேகமலைக்கு வாருங்கள். 1948இல் அங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். மேகமலை இருக்கிற தேனி அப்போது மதுரை மாவட்டம். பதப்படுத்திய உடல், 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பில், குறுமூக்குப் பழந்தின்னி என்ற தவறான பெயரில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அதை மறுபடி பார்த்து, இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம் என்றார். லாட்டிடென்ஸ் சலிமாலியை என்று பெயர் வைத்து அந்தச் சங்கத்தின் ஆய்விதழிலேயே வெளியிட்டார். இருபத்துநான்கு ஆண்டுகள் ஒரு சங்கம் அந்தச் சின்ன உடலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. நம் மலையின் வௌவாலுக்கு உலகத்தில் பெயர் கிடைத்தது அதனால்தான்.

என் கதையையும் சொல்கிறேன். ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் வண்டியூர்க் கண்மாய் நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வகையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லித்தர இங்கே ஆள் இல்லை. சங்கத்தின் ஆய்விதழில் முகவரி பார்த்து, பிலிம் சுருள் டப்பாவில் ஓடுகளைப் போட்டு, முகம் தெரியாத ஒரு பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினேன். ஓட்டின் கூர்முனையை மேலே வைத்து வாயை உன் பக்கம் திருப்பு, வாய் வலப்பக்கம் இருந்தால் லிம்னியா, இடப்பக்கம் இருந்தால் ஃபைசா என்று படம் வரைந்து இன்லேண்டு கடிதத்தில் பதில் எழுதினார். கீழே, "அந்தக் கண்மாயில் வேறு என்ன நத்தை இருக்கிறது?" என்று ஒரு கேள்வி. நான் யார், எந்தக் கல்லூரி என்று அவர் கேட்கவில்லை. கண்மாயில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறையில் உட்கார வைத்தது. சங்கம் என்றால் எனக்கு அந்தக் கடிதம்.

"தமிழ் வழியில் படித்த பெண், ஆங்கிலத்தில் சரியாக விளக்கியிருக்க மாட்டாள், நல்லதாகப் போயிற்று" என்று எழுதியவருக்குப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. அவள் ஒத்திகை பார்த்ததை நான் கேட்டேன், நீங்கள் கேட்கவில்லை. எந்த மாட்டுக்கு எப்போது மருந்து கொடுத்தார்கள், எந்த வயலில் எத்தனை நாள் கிடை என்று தேதியோடு சொல்லக்கூடியவள் அவள். அந்தத் தகவல் உங்கள் ஆங்கிலத்தில் இல்லை, அவள் வீட்டில் இருக்கிறது. இவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் "தேசிய" என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது?

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். இரண்டே ஆண்டில் அதையும் உள்ளடக்கிய பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தப் பாறைகளில் லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் இருக்கின்றன என்று எடுத்துச் சொல்ல முடிந்தது எப்படி? யாரோ வெயிலில் நின்று பார்த்து எழுதி வைத்ததால். பறவைக்கு ஆள் இருந்தார்கள். பாறை இடுக்குப் பல்லிக்கு, சுனை நீர்ப்பூச்சிக்கு, மேய்ச்சல் நிலத்து வண்டுக்கு யார் இருக்கிறார்கள்? அடுத்த ஏலம் எந்த மலைக்கு வரும் என்று தெரியாது. வரும்போது சரிபார்த்த பட்டியல் கையில் இல்லையென்றால் "இங்கே ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அந்தப் பட்டியலைத் தயாரிக்கக்கூடிய பிள்ளைகளைத்தான் கை கழுவும் இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம். அந்தப் பெண் இப்போது வங்கித் தேர்வுக்குப் புத்தகம் வாங்கிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உள்ளே பேச வேண்டியதை முகநூலில் பேசலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு: உள்ளே கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.

உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகப் போவதில்லை. அடுத்த பொதுக்குழுவுக்குத் தீர்மானம் அனுப்புகிறேன். மாநாட்டின் முதல் அமர்வு மாணவர்களுடையதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு போஸ்டருக்கும் நடுவர் எழுத்தில் கருத்துத் தர வேண்டும். பெயர் சரிபார்க்க வேண்டிய மாதிரிகளை எந்தத் துறைக்கு எந்த அறிஞருக்கு அனுப்பலாம் என்று சங்கம் முகவரியோடு பட்டியல் வெளியிட வேண்டும். விரும்பினால் தமிழில் பேச அனுமதிக்க வேண்டும். வழிமொழிய ஆயுள் உறுப்பினர் ஒருவர் தேவை. இதைப் படிப்பவர்களில் நான்கைந்து பேர் ஆயுள் உறுப்பினர்கள் என்பது எனக்குத் தெரியும். தனிச் செய்தியில் எழுதுங்கள், படிவத்தை அனுப்பி வைக்கிறேன்.