பாதிக்குப் பாதி பிரித்தால் பேலன்ஸ் ஆகிவிடுமா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் சீசன் வந்தாலே டிவி நிபுணர்களிடம் ஒரு மந்திரம் தயாராக இருக்கும்: "ரன்னும் பாஸும் பேலன்ஸாக இருக்கணும்." பந்தோடு ஓடினால் ரன், வீசினால் பாஸ். கூடவே ஒரு கணக்கு: 30 தடவை ஓடிய அணிதான் பெரும்பாலும் ஜெயிக்கிறதாம். ஐயா, ஜெயித்துக்கொண்டிருப்பதால்தான் ஓடுகிறார்கள்! முன்னிலையில் இருப்பவன் கடிகாரத்தைக் கரைக்க ஓடுவான், பின்தங்கியவன் வீசித்தான் ஆகவேண்டும். குடை விரித்ததால் மழை வந்தது என்பது போலத்தான் இதுவும்.

என்னைக் கேட்டால் பேலன்ஸ் என்பது எண்ணிக்கையில் இல்லை. எதிரே எத்தனை பேர் நிற்கிறார்கள், ஸ்கோர் என்ன, நேரம் எவ்வளவு பாக்கி என்று பார்த்து முடிவெடுப்பதுதான் பேலன்ஸ்.

அடுத்து சொல்லப்போவதற்குத் திட்டு விழும், பரவாயில்லை. 2015 பிப்ரவரி சூப்பர் பௌலில் (லீகின் இறுதிப் போட்டி) பேட்ரியட்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் சியாட்டில் பாஸ் போட்டது முட்டாள்தனம் இல்லை. செகண்ட் டவுன் (நாலு முயற்சியில் இரண்டாவது), கோட்டைத் தாண்ட ஒரே ஒரு யார்டு, 26 விநாடி, கையில் ஒரே டைம் அவுட். ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச் ஓடி மாட்டியிருந்தால் கடிகாரத்தை நிறுத்தவே அந்த டைம் அவுட் காலி. அடுத்ததும் ரன் என்றால் நாலாவது டவுன் ஆட நேரம் இருக்குமா என்பதே சந்தேகம். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் தானாக நிற்கும். ஆகவே மூன்றில் ஒன்று பாஸ் என்பது சரியான கணக்கு. ஆனால் அந்த பாஸ் இருக்கிறதே! கூட்டத்துக்கு நடுவில், உள்நோக்கிச் சாய்வாக ஓடுபவருக்கு வீசும் ஒரு ஸ்லான்ட். பேட்ரியட்ஸின் மால்கம் பட்லரை மறிக்க வேண்டிய சியாட்டில் வீரர் கெர்ஸை, பட்லரின் சகா பிரவுனர் நின்ற இடத்திலேயே பிடித்து வைத்துவிட்டார். வழி திறந்தது, பட்லர் பாய்ந்து பந்தைப் பிடித்தார், ஆட்டம் பேட்ரியட்ஸுக்கு. மூலைப் பக்கம் வீசியிருந்தால் இன்றைக்கு யாரும் இதைப் பேசியிருக்க மாட்டார்கள்.

நிஜமான பாவம் இரண்டு வருடம் கழித்து, அதே பேட்ரியட்ஸுக்கு எதிரான சூப்பர் பௌலில் அட்லாண்டா செய்தது. 28-3 என்று இருந்த அதன் முன்னிலை 28-20 ஆகிவிட்டது. ஐந்து நிமிடம்கூட பாக்கியில்லாத நேரத்தில் ஜூலியோ ஜோன்ஸ் எல்லைக்கோட்டருகே எம்பிப் பிடித்த கேட்ச், பந்தை பேட்ரியட்ஸின் 22 யார்டு கோட்டுக்குக் கொண்டுவந்தது. சும்மா மூன்று தடவை முட்டி விழுந்துவிட்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 பாயின்ட்) அடித்தால் 11 பாயின்ட் முன்னிலை. முதல் ரன்னில் ஒரு யார்டு நஷ்டம். இருக்கட்டுமே! அடுத்தது பாஸ்: பந்து வீசும் குவார்ட்டர்பேக் மாட் ரயன் சாக் (வீசும் முன்பே மடக்கப்பட்டார்), 12 யார்டு போச்சு. அப்புறம் எதிராளியைப் பிடித்து நிறுத்தியதற்கு ஹோல்டிங் பெனால்டி, இன்னும் 10 யார்டு. கடைசியில் பன்ட், அதாவது பந்தை உதைத்து எதிரணிக்கே கொடுத்தார்கள். முடிவு 34-28, ஓவர்டைமில் தோல்வி. அந்த இடத்தில் ஓடத் தெரியாத கோச்சிங்கை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சரி, இப்போதைய நிலவரம். சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் மாதிரி ஆட்களின் நீளமான வீச்சுக்குப் பயந்து பல டிஃபென்ஸ்கள் இரண்டு சேஃப்டிகளையும் (பின்வரிசைக் காவலர்கள்) ஆழத்தில் நிறுத்துகின்றன. முன்னால் ஆள் குறைகிறது. அங்கே ஓடுவதுதான் புத்தி. 2024 சீசனில் ஈகிள்ஸின் சாக்வன் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். உடனே "ரன் திரும்பி வந்துவிட்டது" என்று ஒரே கொண்டாட்டம்.

ஆனால் அந்த சீசனின் சூப்பர் பௌலைப் பாருங்கள். சீஃப்ஸ் பார்க்லியை மடக்கிவிட்டது: 25 ஓட்டத்தில் 57 யார்டுதான். ஈகிள்ஸ் பதறவில்லை. அதன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 22-ல் 17 பாஸ் சேர்த்தார், தானே ஓடி 72 யார்டும் எடுத்தார். 40-22 என்று ஈகிள்ஸ் ஜெயித்தது. ஆட்ட நாயகன் விருதும் ஹர்ட்ஸுக்கே போனது.