அடித்துப் போட்ட பிறகு பெயர் கேட்பதா?

கண்மாய்க் கரையில் ஒரு குட்டி மலைப்பாம்பை அடித்துக் கொன்று, "கண்ணாடி விரியன் ஒழிந்தது" என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு மனம் ஆறவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரியனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் சங்கிலி கோத்ததுபோல் மூன்று வரிசையாக ஓடும். இதன் முதுகில் இருப்பவை கரும்பழுப்புத் திட்டுகள். ஒன்று அகலம், அடுத்தது கோணல். மேலுதட்டில் சிறு குழிகள் தெரிகின்றன. இரையின் உடற்சூட்டை இருட்டிலும் உணர்வதற்கானவை. கண்ணாடி விரியனுக்கு அவை கிடையாது. மலைப்பாம்புக்கு விஷமே இல்லை, இரையைச் சுற்றி இறுக்கித்தான் கொல்லும். பெரியது கடித்தால் சதை கிழியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஒன்றரை அடி இருப்பதால்தான் குட்டிகள் விரியன் என்ற பெயரில் சாகின்றன.

அந்த முட்டையைத் தாய் காத்த விதத்தை நினைத்தால்தான் கோபம் கூடுகிறது. பெரும்பாலான பாம்புகள் முட்டையிட்டதும் போய்விடும். மலைப்பாம்பு முட்டைக் குவியலைச் சுற்றி வளைந்து படுத்துக்கொள்கிறது. குளிர் கூடினால் தசைகளை விட்டுவிட்டுச் சுருக்கி நடுங்கி, அந்தச் சூட்டை முட்டைகளுக்குக் கொடுக்கிறது. குளிர் இரத்தப் பிராணி என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் தன் உடம்பைத் தானே சூடேற்றுகிறது! ஏறத்தாழ இரண்டு மாதம், பெரும்பாலும் இரையே எடுக்காமல்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது. கொன்றால் சிறை.

கோழியும் ஆட்டுக்குட்டியும் போகிறதே என்பீர்கள். எப்போதாவது போகும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. அவர்களும் நம் செட்டிநாட்டுச் சீமைக்காரர்கள்தானே?

அடையாளம் பார்க்கிறேன் என்று யாரும் கிட்டப் போக வேண்டாம். விரியனாகவே இருந்துவிட்டால் ஆபத்து. பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்கள். பத்தடி தள்ளி நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். 101 அல்லது 112க்குக் கூப்பிட்டால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப்போவார்கள். அவர்கள் வரும்வரை கம்பைக் கையில் எடுக்காதீர்கள்.