காது வில்லைக்குள் இருக்கும் அச்சு வேலை

டூல் ரூமில், அதாவது அச்சும் கருவிகளும் செய்யும் பட்டறையில், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சு செய்துவந்த ஒருவர் கால்நடைகளுக்குக் காது வில்லை (அடையாளத்துக்காகக் காதில் மாட்டும் பிளாஸ்டிக் வில்லை) கண்டுபிடித்த கதையைச் சொல்லும் உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நானும் மோல்டு (அச்சு) வேலை பார்ப்பவன்தான். வில்லைக்கு இரண்டு பாகம்: தண்டு உள்ளது ஆண், அதை வாங்கிக்கொள்ளும் துளை உள்ளது பெண். ஆண் பாகத்தின் முனை காதைத் துளைத்துப் பெண் பாகத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். திரும்பக் கழன்று வரக்கூடாது, அதே சமயம் தாராளமாகச் சுழலவும் வேண்டும். சொல்வது சுலபம். அந்தத் தண்டில், அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டில், மயிரிழை அளவு பிசிறு நின்றால் போதும், மாட்டின் காது உள்ளுக்குள் அறுபட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் சீழ், ஈ, புழு. தண்டு குட்டையாக இருந்தாலும் காற்றுப் படாமல் புண் ஆறாது. வாயில்லா ஜீவன், வலித்தால் சொல்லவா போகிறது? வில்லை செய்யும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும் என்பதால் புதரில் சிக்கினாலும் பெரும்பாலும் காது தப்பிவிடும்.

மின்னணு வில்லை வேறு வகை. 134.2 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும் ரீடரை (எண்ணைப் படிக்கும் கருவியை) அருகில் கொண்டுபோனால், வில்லையில் பேட்டரியே இல்லாமல் அந்த மாட்டின் 15 இலக்க அடையாள எண்ணைச் சொல்லிவிடும்.

கட்டுரையில் ஒன்று விடுபட்டிருக்கிறது. வில்லையைக் காதின் இரண்டு குருத்தெலும்பு வரிகளுக்கு நடுவில்தான் குத்த வேண்டும். அங்கே இரத்தக் குழாய்கள் குறைவு. தயவுசெய்து இதையும் சேர்த்துவிடுங்கள்.