கரயான் அகாதெமியும் பெர்லின் பில்ஹார்மோனிக்கில் இடமும்

"கரயான் அகாதெமியில் சேர்ந்துவிட்டாலே பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் நிரந்தர வேலை உறுதி" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான எண்ணத்தை உண்டாக்கும்; அதை நம்பி இசைப் பட்டதாரிகள் தங்கள் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது என்பதால் இதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

1972 இல், அப்போது அந்த இசைக்குழுவின் தலைமை நடத்துநராக இருந்த ஹெர்பர்ட் வான் கரயான் தொடங்கிய இந்தப் பயிற்சி அகாதெமியில் தேர்வாகும் இளைஞர்கள், உதவித்தொகை பெற்று ஏறத்தாழ 2 ஆண்டுகள் பயில்கிறார்கள். இசைக்குழுவின் உறுப்பினர்களிடமே தனிப்பாடம் கற்பதோடு, அவர்களுக்கு அருகில் அமர்ந்து உண்மையான கச்சேரிகளிலும் வாசிக்கிறார்கள். பிறருடைய தொனிக்கும் மூச்சுக்கும் ஏற்பத் தன் வாசிப்பை அந்தக் கணமே சரிசெய்துகொள்ளும் பழக்கம் இப்படித்தான் வருகிறது. எந்தப் பட்டமும் அதை முழுமையாகத் தந்துவிடாது. இன்றைய உறுப்பினர்களில் கணிசமானோர் அங்குப் பயின்றவர்கள் என்பதும் உண்மையே.

ஆனால் உறுப்பினராவதற்கு அகாதெமி மாணவரும் காலியிடத்துக்கான தேர்வில் மற்றவர்களோடு போட்டியிட்டு, பிறகு தகுதிகாண் காலத்தையும் கடந்தாக வேண்டும். முடிவு இசைக்குழுவினரின் வாக்கெடுப்பில்தான் இருக்கிறது. அந்த வாக்கின் வலிமை சிறிதல்ல: 1980-களின் தொடக்கத்தில் கிளாரினெட் கலைஞர் சபீனே மாயரைக் கரயானே விரும்பியபோதும், உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்ததால் அவர் நிலைக்க முடியாமல் விலகினார். அகாதெமியில் பயின்ற பலர் வேறு இசைக்குழுக்களில் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள்.