பெஞ்ச் தூக்க நாலு பசங்க

“டீச்சர், பெஞ்ச் தூக்கணும், நாலு பசங்களை அனுப்புங்க.”
“கோலம் போடணும், அஞ்சு பொண்ணுங்க வாங்கம்மா.”

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்த இரண்டும் மனப்பாடம். பதினாறு வருடமாக நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆண்டு விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒன்பதாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க ஆண், பெண் சமத்துவம் பற்றிப் பேசினேன். எல்லோரும் சமர்த்தாகத் தலையாட்டினார்கள். பெல் அடித்தது. வெளியே வந்து அதே வாயால் “நாலு பசங்க வாங்கடா” என்று கூப்பிட்டேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்.

மறுநாள் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு ஒரு படம் காட்டினேன். கேரளாவில் 2024-இல் மாற்றிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில், சமையலறையில் அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எங்கப்பா ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு மட்டும் வைப்பார் மிஸ், அன்னிக்கு வீடே அவரைப் புகழணும்” என்றாள் ஒருத்தி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “பரோட்டா மாஸ்டர், பிரியாணி மாஸ்டர், கல்யாணச் சமையல்காரர் எல்லாம் ஆம்பளைங்கதானே மிஸ்?”

நான் தயாரித்து வைத்திருந்த உரையில் இது இல்லை. சமையல் ஆம்பளை வேலையா, பொம்பளை வேலையா என்பது பிரச்சினையே இல்லை. கூலி உண்டா, இல்லையா என்பதுதான்.

கடைசி பெஞ்சிலிருந்து அந்த மாஸ்டர் கேள்வியைக் கேட்டவன் லீவு நாளில் சித்தப்பாவோடு கேட்டரிங் வேலைக்குப் போகிறவன். பந்தியில் பரிமாறுவான், எச்சில் இலை எடுப்பான். ஆனால் வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்தால் பாட்டி விடமாட்டாராம். “ஆம்பளப் புள்ள, நீ எதுக்குடா எடுக்குற, வையி.” அவன் அதைப் பாட்டி குரலிலேயே சொல்லிக் காட்டினான். வகுப்பே சிரித்தது. அவன் தங்கைதான் அந்தத் தட்டை எடுப்பாள் என்பதையும் அவனே சொன்னான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

சரி, கணக்காகவே பார்ப்போம் என்று மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் போர்டில் எழுதினேன். 2019-இல் சம்பளமில்லாத வீட்டு வேலை பார்த்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97. இந்த 97-கூட ஏதாவது வேலை பார்த்த ஆண்களுக்கு மட்டுமான சராசரி. அப்படிப் பார்த்தவர்களே நூற்றுக்குச் சுமார் 26 பேர்தான். 2024-இல் பெண்களுக்கு 289. “பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு மிஸ்!” என்று ஒருத்திக்குச் சந்தோஷம். ஆண்கள் பக்கம் 88 என்று எழுதியதும் அவளே, “இவங்களும் குறைச்சுக்கிட்டாங்களா?” என்றாள்.

என் வருத்தம் இதுதான். பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி தருகிறோம், தைரியமாக இரு என்கிறோம், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் மாணவியர் அதிகம் தேர்ச்சி என்று கைதட்டுகிறோம். நல்லது. பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்? “பெண்களை மதிக்க வேண்டும்.” அவ்வளவுதான். மதிப்பது என்றால் தட்டைக் கழுவுவதா, வணக்கம் சொல்வதா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அழுதால் மட்டும் “என்னடா பொட்டப்புள்ள மாதிரி” என்று வாத்தியார்களே சொல்கிறோம். அந்த ஒரு வரி போதும், அவனுக்கும் அடி, பக்கத்து வரிசையில் இருக்கிறவளுக்கும் அடி. “இதெல்லாம் வீட்டில் சொல்லித்தர வேண்டியது டீச்சர்” என்று ஸ்டாஃப் ரூமில் சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: வகுப்பறையை யாரைப் பெருக்கச் சொல்கிறீர்கள்?

இந்த முறை வேலைப் பட்டியலைச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். கோலத்துக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். புள்ளியெல்லாம் ஸ்கேல் வைத்து அளந்து வைத்தார்கள். கோடு இழுக்கும்போதுதான் மானம் போனது. சிறப்பு விருந்தினர் வருவதற்குள் இரண்டு முறை தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பி.டி. சார் என்னை முறைத்தார்.

ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா விழாவுக்கும் கோலம் போட்ட பெண் மைக் செட் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கேட்காமல், “போய்க் கொஞ்சம் சரிபண்ணிக் குடுத்துட்டு வாயேன்மா” என்றேன்.

“வேணாம் மிஸ். எனக்குக் கோலம் போடப் பிடிக்கவே பிடிக்காது.”