சண்டை இல்லாவிட்டால் ஆர்பிஜி ஆகாதா?

நேற்று முன்தினம் நடந்த விவாதத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சண்டைக்குப் பதில் உரையாடலால் நகரும் ‘டிஸ்கோ எலிசியம்’ என்ற கணினி விளையாட்டு ஆர்பிஜியே (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் ‘ரோல்-பிளேயிங் கேம்’) அல்ல, அது பிடித்தவர்கள் நாவல் படிக்கப் போகட்டும் என்று ஒருவர் எழுதினார். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் எனக்குத் தெரிந்தவர்களுடையவையும் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

வரைபடத்தின் பரப்பையோ, ஆடி முடிக்க ஆகும் நேரத்தையோ, கிடைக்கும் வாள்களின் எண்ணிக்கையையோ வைத்து ஒரு ஆர்பிஜியை நான் அளப்பதில்லை. நான் எப்படிப்பட்டவராக நடந்துகொள்கிறேனோ, அதற்கேற்ப அந்த உலகமும் என்னிடம் நடந்துகொள்கிறதா என்பது ஒன்றே என் அளவுகோல்.

1997இல் வந்த ‘ஃபால்அவுட்’டில் அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்து ஒரு பாத்திரத்தை உருவாக்கினால், அவனால் ஒரு வாக்கியம்கூட ஒழுங்காகப் பேச முடியாது, எதிரில் இருப்பவர்களின் பேச்சும் அதற்கேற்ப மாறிவிடும். பிறகொரு முறை, பேச்சில் வல்ல ஒருத்தியாக ஆடினேன். எதிரிகளின் தலைவனை நான் சுடவில்லை. அவன் உருவாக்கிய புதிய இனத்தால் பிள்ளை பெறவே இயலாது என்ற சான்றை அவன் முன் வைத்தேன். தன் கனவு முழுவதும் வீண் என்று உணர்ந்து அவன் உடைந்துபோனபோது, வென்ற மகிழ்ச்சி எனக்கு வரவே இல்லை. அதுவரை சுடும் விளையாட்டுகளை மட்டுமே ஆடிவந்த என் தம்பி அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். “இவனைக் காப்பாற்ற வழியே இல்லையா?” என்று கேட்டான். எத்தனை லெவல் ஏறினாலும் அப்படியொரு கேள்வி அவன் வாயிலிருந்து வந்திருக்காது.

இந்த வகையின் வேரே போர்தான், 1974இல் வெளியான, மேசையில் ஆடும் ஆர்பிஜியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்ததுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 1985இலேயே ‘அல்டிமா 4’, இறுதியில் கொல்வதற்கென்று ஒரு வில்லனை வைக்காமல், எட்டு அறங்களில் தேர்ச்சி பெறுவதையே இலக்காக வைத்தது. அங்கே மூலிகை விற்கும் பார்வையற்றவரிடம் குறைத்துக் காசு கொடுத்து ஏமாற்றலாம். அப்போது யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் நேர்மை குறைந்ததை அந்த விளையாட்டு மறக்காது. நான் கேட்பது இதைத்தான்.

அப்படியானால் தெரிவுகள் கொண்ட கதையெல்லாம் ஆர்பிஜியா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. திறன்களை நாமே வளர்த்து, அவற்றை நம்பி முயன்று, தோற்கவும் நேர வேண்டும். 2019இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் 24 திறன்கள் இருக்கின்றன, ஒவ்வொரு முயற்சிக்கும் பகடை உருள்கிறது, தோல்வியும் கதையை முன்னே நகர்த்துகிறது. இதைவிட என்ன வேண்டும்?

சண்டையை விரும்புகிறவர்களை நான் ஒருநாளும் இகழ்ந்ததில்லை. அவர்களோடு சேர்ந்து ஆடியிருக்கிறேன், அவர்கள் பரிந்துரைத்தவற்றை மதித்து முடித்திருக்கிறேன். அப்படியிருக்க, உரையாடலை நேசிக்கும் எங்களை மட்டும் விளையாடத் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவது ஏன்? நாவல் படிக்கப் போகச் சொன்ன அந்த நண்பர் தமக்குப் பிடித்த விளையாட்டுகளில், அவர் எடுத்த முடிவால் ஒரே ஒரு பாத்திரமாவது அவரிடம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிக்கொண்ட ஓர் இடத்தைச் சொல்லட்டும். சொன்னால், இந்த வாரமே அதை ஆடத் தொடங்குகிறேன்.